பூஜையில் வைத்த பாஸ்போர்ட்

நம் வகுப்பில் படித்தவர்களில் பாதிப் பேருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, மீதிப் பேருக்கு ஞாபகம் தேய்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு இரண்டும் பாதிப் பாதி. முழுசாகப் போவதற்குள் ஒன்றை நம் வகுப்புக் குழுவில் எழுதிவிடலாம் என்று போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டுக் கைகூப்பும் படமும் ரோஜாப்பூப் படமும் அனுப்பி வைக்காதீர்கள். சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாய் என்றும் எழுதாதீர்கள். தெரியாமல் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

நான் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள் என்பது உங்களுக்குத் தெரியும். பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைகளோடு நானும் போய் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை, உள்ளே நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் எனக்குப் பதினொரு வயது. புத்தூரில், ஆஸ்பத்திரிகளும் மருந்துக் கடைகளும் இருக்கிற சாலையிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி எங்கள் வீடு. கீழே அப்பா, அம்மா, நான். மாடிப் போர்ஷனில் ஒரு புருஷன் பெண்டாட்டி குடியிருந்தார்கள். அவர் இத்தாலிக்காரர். துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பூட்டிக் கொடுக்க வந்தவர். கூட வந்தவர்கள் வேலை முடிந்து கப்பலேறினார்கள். இவர் மட்டும் கையில் ஒரு வெட்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். அவர் இங்கே வந்து அப்போதே ஒரு மாமாங்கம் ஆகியிருந்தது. நர்ஸ் எனக்கு அக்கா. அக்காவின் வீட்டுக்காரர் மாமா. இத்தாலி மாமா.

தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். ஆனால் எல்லாருக்கும் 'ங்க' போடுவார். பெண்டாட்டிக்கு, பால்காரருக்கு, எனக்கு, மாடிப்படியில் படுக்கிற பூனைக்கு. "கொஞ்சம் தள்ளிக்கோங்க, நான் போகணும்ங்க" என்று அவர் பூனையிடம் சொல்வதைக் கேட்பதற்காகவே நான் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன்.

அவருடைய சாமான்களை இப்போது நினைத்தாலும் மூக்கில் வாசனை வருகிறது. எட்டுப் பட்டையாக ஒரு அலுமினியக் காபிப் பாத்திரம் வைத்திருந்தார். அடியில் தண்ணீர், நடுவில் தூள், ஸ்டவ்வில் வைத்தால் கருப்பாகக் காபி மேலே ஏறி வந்துவிடும். அந்த வாசனை மாடியிலிருந்து இறங்கி எங்கள் சமையலறை வரை வரும். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னொரு தடவை மூச்சை இழுப்பாள். மொட்டைமாடியில் அம்மாவின் வடாம் காய்கிற துணிக்குப் பக்கத்தில் அவருடைய தக்காளி, பாதியாக அறுத்து உப்புத் தூவிக் காயும். எங்கள் சப்பாத்திப் பலகையை வாங்கிக்கொண்டு போய் மாவைத் திரட்டி, துண்டுபோட்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றையும் அழுத்திச் சோழி மாதிரி சுருட்டுவார். நானும் சுருட்டுவேன். என்னுடையது நத்தை மாதிரி வரும். "பரவால்லைங்க, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்பார்.

ஒரு நாள் எங்களுக்கு ஒரு போட்டோ காட்டினார். பெரிய ஓலைத் தொப்பி வைத்த ஒரு பெண் முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்து நிற்கிறாள், கையில் நாற்று முடிச்சு. "எங்க அம்மா" என்றார். லால்குடிப் பக்கத்து நிலத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மா போட்டோவைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"வெள்ளைக்காரி நடவு நடுவாளா?"

"நடுவாங்கங்க. எங்க ஊரும் நெல்லு ஊர்தான். வாய்க்கா, வரப்பு, கொசு, எல்லாம் உண்டு. எங்க அம்மா நடவுப் பாட்டுகூடப் பாடுவாங்க."

அன்றிலிருந்து அம்மாவுக்கு அவர் வேற்று மனுஷராக இல்லை. வாரம் ஒரு முறையாவது, "உங்க அம்மா எப்படி இருக்காங்க சார், லெட்டர் வந்துச்சா?" என்று கேட்பாள். பார்த்தே இராத ஒரு சம்பந்தியம்மாளைப் பற்றி விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

அவர் தன்னை எந்த ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வார் தெரியுமா? "நான் ரெண்டு ஊர்க்காரன்ங்க." யார் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இதைத்தான் சொல்வார். ஆகஸ்ட் பதினைந்துக்குத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய். ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவர்கள் நாட்டுக்குக் குடியரசு தினம், அன்றைக்கும் மிட்டாய். "நான் ரெண்டு நாட்டுக்காரனா இருக்கிறதுல உங்களுக்குத்தான் லாபம்" என்று சிரிப்பார். மாடிச் சுவரில் இரண்டு கொடிகள், ஒரே அளவில், அக்கா தைத்தது. ஒன்று ஒரு விரற்கடை இறங்கியிருந்தாலும் ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்வார்.

அவருக்கு ரொம்பப் பிடித்த பண்டிகை ஆயுத பூஜை. கிறிஸ்துமஸ்கூட அப்புறம்தான். வருஷா வருஷம் தன் ஸ்பேனர்களையும், அவருடைய அப்பா வைத்திருந்ததாகச் சொல்லும் ஒரு பித்தளை அளவுகோலையும் எண்ணெய் போட்டுத் துடைத்துக் கூடையில் கொண்டுவந்து எங்கள் பூஜையில் வைப்பார். அம்மா சந்தனம் குங்குமம் வைப்பாள். "எங்க ஊர்ல ஸ்பேனருக்கு யாரும் கும்புடு போட மாட்டாங்க. இங்க போடுறீங்க பாருங்க, இதுக்காகவே நான் இந்த ஊர்க்காரன்" என்பார். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது என்பது அவருக்கு மனப்பாடம். ஒரு வருஷம் அன்று தொழிற்சாலையிலிருந்து அவசரமாக ஆள் வந்தபோது, "ஸ்பேனர் சாமிகிட்ட இருக்குங்க, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். படிவம் என்றால் அவருக்குப் பலகாரம் மாதிரி. மாமாவை இந்தியக் குடிமகன் ஆக்கிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு வெறி. விண்ணப்பத்தை அவரே முத்து முத்தாக நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, ஃபைலில் கட்டி அலமாரியில் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் முக்கொம்புக்குப் போயிருந்தோம். புளியோதரை சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு அப்பா ஆரம்பித்தார்.

"கையெழுத்துப் போட்டுடுங்க சார். நம்மாளா ஆயிடுங்க."

"இப்ப மட்டும் நான் யாரு ஆளு சார்?"

"அதுக்கில்லை. சட்டப்படி."

"சட்டப்படி ஆகணும்னா அந்தப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுக்கணும். ஒரு காலை எடுத்துட்டுத்தான் இன்னொரு கால் தருவேன்னா அது என்ன நியாயம்?"

அக்கா அவர் முழங்கையைத் தொட்டு, "விடுங்க, சாப்பிட்ட உடனே எதுக்கு" என்றார். அப்பா விட்டுவிட்டார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பொருமினார். "நம்ம சோத்தைச் சாப்பிட்டுக்கிட்டு நம்ம ஊர்ப் பொண்ணைக் கட்டிக்கிட்டு, கையெழுத்துப் போட மட்டும் கசக்குது." அப்பா கெட்டவர் இல்லை. தன்னிடம் இருப்பதிலேயே பெரியதைக் கொடுக்கிறோம், இவர் வாங்கமாட்டேன் என்கிறாரே என்ற ஆற்றாமை. அதை வாங்கிக்கொள்ள அந்த மனுஷர் எதைக் கீழே வைக்க வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை.

புரட்டாசி மாதம் ஒரு தந்தி வந்தது. அவர் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே புறப்படு என்று தங்கை கொடுத்திருந்தாள். மாமா அன்றைக்கே ஓடி ஓடி ஏற்பாடு செய்தார். சரஸ்வதி பூஜை அன்று ராத்திரி ரயிலில் மெட்ராஸ், அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து விமானம். அதற்கு முந்திய விமானத்தில் இடமில்லை. அக்கா அலமாரியிலிருந்து அவருடைய கம்பளிக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். முதல்முதல் இந்த ஊருக்கு வந்தபோது போட்டிருந்த கோட்டாம். மொட்டைமாடி முழுக்க அந்துருண்டை வாசனை.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பாத்துக்கிட்டே இரு. போற ஆளு வரமாட்டாரு. அந்தப் பாஸ்போர்ட்டு கையில இருக்கிற வரைக்கும் அவரு இத்தாலிக்காரர்தான்."

"சிஸ்டரை விட்டுட்டா போயிடுவாரு?"

"அப்புறமா அதுவும் பின்னாடியே போயிடும். மாடிக்கு வேற ஆளு பாக்க வேண்டியதுதான்."

நான் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன்.

சரஸ்வதி பூஜை அன்று காலையில் மாமாவின் கூடையை வாங்கிவர அம்மா என்னை மாடிக்கு அனுப்பினாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார். அக்கா டியூட்டியிலிருந்து இன்னும் வரவில்லை. ஸ்பேனர் கூடை வாசலிலேயே தயாராக இருந்தது. உள்ளே மேஜையில் டிக்கெட்டும், அதன்மேல் பச்சை அட்டை போட்ட அந்தச் சின்னப் புத்தகமும் இருந்தன. எடுத்தேன். என் பூகோளப் புத்தகத்துக்குப் போட்டிருந்த பழுப்புத்தாள் அட்டைக்குள் செருகினேன். கீழே வந்து என் புத்தக அடுக்கில் நடுவாக அதை வைத்தேன். அம்மா அதன்மேல் மஞ்சள் துணி போர்த்திப் பூ வைத்தாள்.

சரஸ்வதியின் காலடியில் வைத்தால் மாமாவுக்கு நல்லது நடக்கும், அவர் அம்மாவுக்கு உடம்பு சரியாகிவிடும் என்று நினைத்து வைத்தேன் என்றுதான் ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சுத்தப் பொய். மறுநாள் காலை வரை யாரும் தொடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி ரயில் போய்விடும் என்றும் தெரியும். அவர் போகக்கூடாது என்றுதான் வைத்தேன். ஒரு ரயில் போனால் எல்லாமே போய்விடும் என்று மட்டும் தெரியவில்லை. பதினொரு வயசுக்கு அந்த ஒன்று மட்டும்தான் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு மாடியில் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா இறங்கி வந்து, "பாஸ்போர்ட்டைக் காணோம்" என்றார். அப்பா மேலே ஓடினார். மெத்தையைப் புரட்டினார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். காபித்தூள் டப்பாவைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள். அக்கா கோட்டை உதறி, ஒவ்வொரு பையாகக் கைவிட்டு வெளியே இழுத்துப் பார்த்ததை நானே வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். உள்பையின் துணி நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. இதை நான் பார்த்தேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நாலு மணி இருக்கும். மாமா எங்கள் வீட்டுக்குள் வந்தார். சட்டை முழுக்க வேர்வை. பூஜை அலமாரிக்கு முன்னால் நின்றார்.

"காலையில கூடை எடுத்துட்டு வந்தப்போ இதோட கலந்திருக்குமாங்க?"

அம்மா தயங்கினாள். "உங்க கூடையில ஸ்பேனர் மட்டும்தான் சார் இருந்துச்சு. நானேதான் ஒவ்வொண்ணா எடுத்துப் பொட்டு வச்சேன்."

"அந்தப் புத்தகத்துல?"

"அது பாப்பாவோட ஸ்கூல் புத்தகம். பூஜையில வச்சாச்சே." அம்மா அதற்குமேல் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன், அம்மா தடுக்கவில்லை. பிரிக்கட்டுமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சரஸ்வதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவளே பிரித்திருப்பாள்.

அவர் கை மஞ்சள் துணிக்கு ஒரு சாண் தூரம் வரை போயிற்று. பிறகு நின்றது.

"வேண்டாம்ங்க" என்றார். "எனக்குத் தெரியாதா? நானும் இந்த ஊர்க்காரன்தானே."

கையை எடுத்துக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, திரும்பிப் போனார்.

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்தால் போதும், அவ்வளவு பக்கம். அப்பா தோலை உரித்துவிடுவார் என்று பயம். பூஜையில் வைத்ததைக் கலைத்தால் படிப்பு வராது என்று பயம். இரண்டையும் தாண்டி ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் இன்றைக்குப் போகப் போவதில்லை.

ரயில் போயிற்று. மறுநாள் காலை மறுபூஜை ஆயிற்று. அம்மா கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லாரும் சம்பிரதாயத்துக்கு ஒரு பக்கம் படித்தோம். நான் பூகோளத்தைப் படித்தேன், அது கையிலேயே கனத்தது. பிறகு ஸ்பேனர் கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். மாமாவும் அப்பாவும் மெட்ராஸுக்கு டிரங்க் கால் போடுவதற்காகத் தபாலாபீசுக்குப் போயிருந்தார்கள். அக்கா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மேஜையில் வைத்தால் நேற்று இங்கே இல்லையே, யார் வைத்தது என்று கேள்வி வரும். கதவுக்குப் பின்னால் கோட்டு தொங்கியது. உள்பையில் போட்டேன். கோட்டில் இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று என் கணக்கு. கெட்டிக்காரிதான், போங்கள்.

கேள்வி யாரிடம் போகும் என்று நான் யோசிக்கவில்லை.

மத்தியானம் மாமா திரும்பி வந்தார். மெட்ராஸில் நேரே போய்க் காலில் விழுந்தாவது வேறு பாஸ்போர்ட் வாங்குவது என்று கிளம்பிக் கோட்டைப் போட்டிருக்கிறார். உள்பைக்குள் விட்ட கையில் அந்தப் புத்தகம் தட்டியிருக்கிறது. பிறகு படிக்கட்டுவழியே அவர் குரல் கேட்டது. உரக்கப் பேசவில்லை.

"நேத்து கோட்டுல பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உள் பாக்கெட்ல?"

"பாத்தேங்க. மாதா சத்தியமா பாத்தேன்."

அவர், "சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

இனிக் கிளம்பினாலும் பம்பாய் விமானத்தைப் பிடிக்க வழியில்லை. பண்டிகை விடுமுறையெல்லாம் கழிந்து அடுத்த இடம் கிடைக்க ஒரு வாரம் ஆயிற்று. அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவர் அம்மாவை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. கடைசி இரண்டு நாளும் அந்த அம்மாள் கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிப் படுத்திருந்தாராம். இதையெல்லாம் பின்னால் அவர் என் அம்மாவிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்பா சொன்னது பலிக்கவில்லை. தை மாதம் அவர் திரும்பி வந்தார். வந்த மறுநாளே கீழே இறங்கி, "அந்த ஃபாரத்தைக் குடுங்க சார்" என்றார். அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. பேனாவைத் துடைத்துக் கொடுத்தார். மாமா நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"நல்லா யோசிச்சீங்களா சார்?" என்று அம்மாதான் கேட்டாள்.

"அம்மா முகத்தைப் பாக்கிற அன்னைக்குப் பாத்து அந்தப் புத்தகத்தை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலை. எனக்கு எதுக்குங்க அது?"

அப்பாவின் காதில் இது விழுந்ததா என்றே தெரியவில்லை. தெரு முழுக்க, "என்ன ஒரு தேசபக்தி பாருங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா கேசரி கிண்டினாள். எல்லா விசாரணையும் முடிந்து, பாஸ்போர்ட் திரும்பிப் போய், இந்தியக் குடிமகன் என்ற தாள் கைக்கு வர நாளாயிற்று. அதற்குள் மாடிச் சுவரில் ஒரு கொடி மட்டும் இருந்தது. அடுத்த ஜூன் மாதம் தெருப் பிள்ளைகள் பழக்க தோஷத்தில் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார்கள். அவர் கதவைத் திறந்து பார்த்தார். "இப்ப ஒரு ஊர்தாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு நெல்லைப் பற்றியோ நடவுப் பாட்டைப் பற்றியோ அவர் பேசி நான் கேட்டதில்லை. என் அம்மாவோ சாகும்வரை, "நம்ம பூஜையை அப்படி மதிச்ச மனுஷன்" என்று அவரைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சில வருஷத்தில் அவர்கள் ஸ்ரீரங்கத்துக்கு வீடு மாறிப் போனார்கள். நான் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வெளியூர் போனேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு வந்து பார்த்தேன். "வாங்க டீச்சர்" என்று சிரித்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். பத்து நாளில் போய்விட்டார். சாவுக்கு வந்தபோது கூட்டமாக இருந்தது, கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு சாக்கு.

போன மாதம்தான் போனேன். அக்காவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அம்மாமண்டபம் சாலைப் பக்கம் ஒரு அபார்ட்மென்டில், தங்கை மகளோடு இருக்கிறார். கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. தங்கை மகள் காபி வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. பூகோளப் புத்தகத்திலிருந்து கோட்டுப் பை வரை ஒரே மூச்சில் சொன்னேன். காபி ஆடை கட்டிவிட்டது.

அக்கா தம்ளரைத் தடவி ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "நான் பாத்தேன்டி" என்றார். "உள் பாக்கெட்டை வெளிய இழுத்தே பாத்தேன்."

"தெரியும் அக்கா. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"அவரு என்னைத் திட்டியிருந்தா ஒருநாள் ரெண்டுநாள்ல போயிருக்கும். திட்டலை. ஊர்லருந்து வந்ததும் மன்னிச்சிட்டேன்னு சொன்னாரு. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கிட்டு ஒரு மனுஷனோட குடும்பம் நடத்துறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? பாத்தேன், பாத்தேன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பாத்தேன். சரிங்க சரிங்கன்னு தலையை ஆட்டுவாரு. அவ்வளவுதான்."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில கடைசி நாளு. அம்மா ஞாபகம் வந்துடுச்சு அவருக்கு. அவரோட பாஷையிலயே என்னென்னமோ சொல்லிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் என்னைப் பாத்து, இப்பவாச்சும் சொல்லுங்க, அன்னைக்கு கோட்டுல நீங்க பாக்கலைதானேன்னு கேட்டாரு. போற உசுரு, எதுக்கு அதோட மல்லுக்கட்டணும்? ஆமாங்க, பாக்கலைன்னுட்டேன். நிம்மதியா கண்ணை மூடிட்டாரு."

சொல்லிவிட்டு அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். என்னைச் சரியாகப் பார்க்க முடிந்ததா என்று தெரியவில்லை.

"நீ ஆரஞ்சுப்பழம் உரிச்சுக் குடுத்தியே, அதுக்குப் பத்து நாள் கழிச்சு."